வசனம் இல்லாத குறும்படத்தில் தனிமையை எப்படிக் கேட்க வைப்பது, எப்படிப் பார்க்க வைப்பது?

முதல்பிரதி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 12 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். ஒரே பாத்திரம். ஐம்பது வயதை நெருங்குகிறவர், இரவு வேலைக்குப் போகிறவர், அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவர் தூங்க வேண்டும், அவர்கள் தூங்கும்போது இவர் வேலை பார்க்க வேண்டும். யாரோடும் சண்டை இல்லை, பெரிய இழப்பு எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவருடைய நேரமும் மற்றவர்களுடைய நேரமும் எங்குமே தொட்டுக்கொள்வதில்லை. கதை அவ்வளவுதான். நடுவில் ஒரே ஒரு ஃபோன் அழைப்பு வருகிறது, மற்றபடி வசனமே கிடையாது.

கதையைக் கேட்ட எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே யோசனையைத்தான் தருகிறார்கள். மெதுவான பியானோ போடு, ஜன்னல் ஓரம் உட்கார வை, மழை பெய்யட்டும், காலி நாற்காலியைக் காட்டு. இதெல்லாம் பலிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்படிப் பார்க்கும்போது இவர் தனியாக இருக்கிறார் என்ற தகவல் கிடைக்கிறதே தவிர அந்தத் தனிமை நம் மேல் ஏறுவதில்லை. பார்க்கிறவரும் அந்த அறைக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான்.

ஒலியைச் சில இடங்களில் முழுக்க நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். ஆனால் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று பார்வையாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் அந்த நொடியே படம் கையை விட்டுப் போய்விடும். நிசப்தத்தை எப்படிக் கையாள்வது? பின்னணி இசை இல்லாமல் 12 நிமிடம் தாங்குமா? ஃப்ரேம் வைப்பதில் என்னென்ன யோசிக்கலாம்? படம் எடுத்தவர்கள், ஒலிப்பதிவிலோ எடிட்டிங்கிலோ இருக்கிறவர்கள், நிறையப் பார்க்கிறவர்கள், யாராக இருந்தாலும் விரிவாகச் சொல்லுங்கள்.

ஒலிக்கூடு எழுதியது:

நான் ஒலிப்பதிவுப் பக்கம் இருப்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒலியைப் பூஜ்ஜியம் ஆக்கவே ஆக்காதீர்கள். எடிட்டிங் டைம்லைனில் ஒலியே இல்லாத இடம் வந்தால் காது அதைப் பழுது என்றுதான் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அப்படி ஒரு நிலையை நாம் யாருமே வாழ்க்கையில் கேட்டதில்லை. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951ல் ஹார்வர்டில் எதிரொலியே எழாத ஒரு அறைக்குள் போய் இருந்து பார்த்தார். அங்கேயும் அவருக்கு இரண்டு சத்தம் கேட்டது, ஒன்று மேல் சுருதியில், ஒன்று கீழ் சுருதியில். அவர் உடம்பின் சத்தம்தான் அது என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினார். அடுத்த வருடம் வந்த, கலைஞர் ஒரு சுரமும் வாசிக்காமல் இருக்கும் அவருடைய 4 நிமிடம் 33 விநாடிப் படைப்புக்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது. ஆக, மனிதன் இருக்கிற இடத்தில் சத்தம் இருந்தே தீரும். எந்தச் சத்தம் மிஞ்சுகிறது என்பதுதான் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது.

ஹங்கேரியத் திரைக் கோட்பாட்டாளர் பேலா பலாஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கோ அடிவாரத்தில் யாரோ மரம் வெட்டும் சத்தம் மலை உச்சியில் நிற்கிற எனக்குக் கேட்கிறது என்றால், அப்போதுதான் என்னைச் சுற்றி எவ்வளவு அமைதி என்பதை நான் கேட்கிறேன் என்பது அவர் கருத்து. தனிமைக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். தொலைவில் நடப்பது எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறதோ அவ்வளவுக்கு இங்கே யாரும் இல்லை என்பது உறைக்கும். உங்கள் ஆளுக்கு இது அப்படியே கையில் கிடைத்த வரம், ஏனென்றால் அவர் தூங்கப் படுக்கிற நேரத்தில்தான் மொத்தக் கட்டடமும் விழித்திருக்கிறது. மேல் வீட்டில் நாற்காலி இழுபடுகிறது, படியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பக்கத்து வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உலகம் சுற்றிலும் இருக்கிறது, ஆனால் எதுவும் அவரை நோக்கி வருவதில்லை.

அந்தப் பேச்சை எப்படிக் கேட்க வைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. சுவர் என்பது மேல் அலைவரிசைகளைத்தான் அதிகம் தடுக்கும், கீழ் அலைவரிசைகள் ஓரளவு ஊடுருவி வந்துவிடும். மெய்யெழுத்துக்களின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் சுவருக்கு இந்தப் பக்கம் சொற்கள் தொலைந்துபோய்ப் பேச்சின் ராகம் மட்டும் வந்து சேரும். கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் புரியும், என்ன பேசினார்கள் என்பது மட்டும் புரியாது. பார்வையாளரும் தன்னை அறியாமல் காதைக் கூர்மையாக்கி அந்தச் சொற்களைப் பிடிக்க முயல்வார், பிடிக்க முடியாது. நீங்கள் கேட்டீர்களே, அறைக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று, அந்த முயற்சியில்தான் மாட்டிக்கொள்வார்.

அவருடைய சொந்தச் சத்தங்களுக்கு நேர் எதிராகச் செய்யுங்கள். தண்ணீர் விழுங்குவது, சட்டைத் துணி உரசுவது, மூக்கால் மூச்சு விடுவது எல்லாமே மைக்கை ஒட்டி, எதிரொலி துளியும் இல்லாமல் பதிவாகட்டும். மற்றவர்களுடைய சத்தம் எப்போதும் படிக்கட்டின், நடைபாதையின் எதிரொலியோடு வரட்டும். தொலைவு இரட்டிப்பானால் நேரடியாக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், ஆனால் மூடிய இடத்தின் எதிரொலி அந்த அளவுக்குக் குறையாது, அதனால்தான் தூரத்துக் குரல் ஈரமாக, கலங்கலாகக் கேட்கிறது. இந்த இரண்டு வகை ஒலியும் படம் முழுக்க ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தாலே போதும், தனிமை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ரூம் டோன். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடமாவது அந்த அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடுவதையும் நிற்பதையும் தனியாகப் பிடியுங்கள். அது ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை, நின்றதும் அறையே வேறாகிவிடும். நீங்கள் தேடுகிற நிசப்தம் அந்த நிற்கிற கணத்தில் கிடைக்கும், ஸ்பீக்கர் பழுதோ என்ற சந்தேகமும் வராது. பின்னணி இசை வேண்டாம் என்பதே என் பக்கம்.

சட்டகம் எழுதியது:

ஒலி பற்றி அவர் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. காட்சிப் பக்கம் சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலில், பிரமாண்டமான வைட் ஷாட்டில் சின்னதாக ஒரு ஆள் நிற்கிற ஃப்ரேமை மறந்துவிடுங்கள், அல்லது ஒரே ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது பார்க்க அழகாக இருக்கும், அந்த அழகுதான் பிரச்சினை. பார்வையாளர் அந்த நிலப்பரப்பை ரசித்துக்கொண்டு வெளியே நிற்பார். தனிமையில் இருக்கிறவர் தன்னை அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதே இல்லை, அவருக்குத் தெரிவதெல்லாம் தன் கை, எதிர்ச்சுவர், கதவு.

ஆள் இல்லாத ஃப்ரேமை விட, ஆட்கள் இருந்தும் முழுதாக இல்லாத ஃப்ரேம் பல மடங்கு வலுவானது. அவர் காலையில் வேலை முடிந்து வரும்போது கட்டடத்தில் எல்லாரும் வெளியே கிளம்பிக்கொண்டிருப்பார்கள் இல்லையா, அந்த ஷாட்களில் மற்றவர்களுடைய தோள், முதுகு, பையைப் பிடித்திருக்கும் கை மட்டும் வரட்டும். முகங்கள் ஃப்ரேமுக்கு மேலே வெட்டுப்பட்டுப் போகட்டும், அல்லது ஃபோகஸ் அவர்களை எட்டாமல் இருக்கட்டும். 85 மி.மீ. லென்ஸில் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, நன்றாகத் திறந்து வைத்தால் கூட்டத்துக்கு நடுவே அவர் ஒருவர்தான் கூர்மையாக இருப்பார், மற்றவர்களெல்லாம் நிறங்களாக நகர்வார்கள். லிஃப்டில் ஏழு பேரோடு நிற்கிற மனிதர் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருப்பவரை விடத் தனியாகத் தெரிவார்.

ஃப்ரேமுக்குள் அவரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பொதுவாக ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுவோம். அதைத் தலைகீழாக்கி, பார்வை போகும் பக்கம் ஃப்ரேமின் ஓரத்தை ஒட்டி நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் மொத்த இடத்தையும் காலியாக விடுங்கள். பார்வைக்கு முன்னால் இடமே இல்லை என்ற இறுக்கம் உடம்பில் தெரியும். 4:3 விகிதத்தையும் (பழைய டிவி திரையின் வடிவம்) சோதித்துப் பாருங்கள், அந்தக் குறுகிய சட்டத்தில் ஒரு முகம் நன்றாகப் பொருந்தும், இரண்டு முகத்துக்கு இடம் போதாது.

சாமுவேல் பெக்கெட் எழுதி ஆலன் ஷ்னைடர் இயக்கிய ‘ஃபிலிம்’ என்ற 1965ஆம் ஆண்டுக் குறும்படத்தைக் கட்டாயம் பாருங்கள். பஸ்டர் கீட்டன் நடித்தது. கேமரா ஏறக்குறைய படம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது, முகம் கடைசியில்தான் கிடைக்கிறது. ஒரு அறைக்குள் போய் ஜன்னலை மறைக்கிறார், கண்ணாடியை மூடுகிறார், பூனையையும் நாயையும் வெளியேற்றுகிறார், கிளிக் கூண்டையும் மீன் தொட்டியையும்கூட மூடுகிறார், ஏனென்றால் எந்தக் கண்ணும் தன்னைப் பார்க்கக் கூடாது. மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு சத்தம்தான் உண்டு, ஒரு பெண் ‘உஷ்’ என்கிறாள். பேசும்படம் வந்து பல வருடங்கள் கழித்து எடுத்த படம், அதில் நிசப்தத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு ‘உஷ்’ நமக்குத் தெரிவித்துவிடுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்ற உங்கள் பயத்துக்கு அதிலேயே ஒரு பதில் இருக்கிறது.

காலி நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. காலியாக வைக்காதீர்கள். அந்த இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிகள் குவிந்து கிடக்கட்டும். யாரும் வந்து உட்காரப் போவதில்லை என்று அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது அதில் தெரியும், காலி நாற்காலி இன்னும் யாரையோ எதிர்பார்க்கிறது.

மூன்றாம்வரிசை எழுதியது:

படம் எடுத்ததில்லை, நிறையப் பார்க்கிறவள். இசையே வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. படத்துக்கு மேலிருந்து வந்து விழுகிற இசைதான் தொல்லை, படத்துக்குள்ளேயே யாரோ வாசிக்கிற இசை வேறு விஷயம். மேல் மாடியில் ஒரு குழந்தை ஏதோ ஒரு வாத்தியம் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இவர் தூங்கப் படுக்கிற நேரத்தில் அதே நான்கு வரி, அதே இடத்தில் அதே பிசகு. இவர் அதைக் கேட்டுக் கேட்டு அடுத்த சுரம் பிசகப் போகிறது என்று முன்கூட்டியே அறிந்திருக்கிறார். ஒரு நாள் பிசகாமல் வாசித்து முடிகிறது. இவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதைச் சொல்ல ஆள் இல்லை, அந்தக் குழந்தைக்கு இப்படி ஒருவர் கீழே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே தெரியாது. பியானோ வேண்டும் என்றவர்களுக்கு அந்தக் குழந்தை வாசிப்பது பியானோவாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

திரும்பத் திரும்ப வருவதின் பலத்துக்கு எனக்கு நினைவுக்கு வருவது ஃபரூக் ஃபரோக்சாத் எடுத்த ‘வீடு கறுப்பாக இருக்கிறது’ என்ற 1963ஆம் ஆண்டு ஈரானியக் குறும்படம். தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த ஒரு குடியிருப்பைப் பற்றியது, சுமார் 22 நிமிடம். அதில் ஒரு மனிதர் சுவரோரமாகப் போவதும் திரும்புவதுமாக நடந்துகொண்டே இருப்பார், ஃபரோக்சாத்தின் குரல் வாரத்தின் நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, இரக்கத்தைக் கேட்கிற தொனி கிடையாது. நாட்களின் பெயருக்கும் அந்த நடைக்கும் நடுவில் ஒரு முழு ஆயுள் தெரிகிறது. அங்கே இருப்பவர்கள் கூட்டமாகத்தான் இருக்கிறார்கள், குழந்தைகள் படிக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, ஆனாலும் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள். தனிமை என்றால் ஒரே ஆள், ஒரே அறை என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்க்க வேண்டிய படம்.

இன்னொன்று கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’, 1962, 28 நிமிடம். கிட்டத்தட்ட முழுப் படமும் நிழற்படங்களால் ஆனது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், படுத்திருக்கும் பெண் கண் திறக்கிற அந்தச் சில விநாடிகள் மட்டும் படம் அசைகிறது, அதற்கு முன்னாலிருந்தே பறவைகளின் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. படம் முழுக்க மறுக்கப்பட்ட ஒன்று ஒரே ஒரு தடவை கிடைக்கும்போது அது எவ்வளவு பெரியதாக இருக்கிறது பாருங்கள். உங்கள் படத்திலும் ஒன்றை முழுக்கப் பிடித்து வைத்து ஒரே இடத்தில் மட்டும் விடலாம். எதை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஒருவேளை இன்னொரு மனிதரின் முகமாக இருக்கலாம்.

வெட்டுமேசை எழுதியது:

எல்லாம் நல்ல யோசனைகள், ஆனால் 12 நிமிடம் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மனின் ‘ஜான் தீல்மன்’ 1975ல் வந்தது, 201 நிமிடம் ஓடும். அதில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை முழு நேரத்துக்கும் காட்ட முடிகிறது, அந்த நேரம் நம்மை அரைத்து உள்ளே இழுத்துவிடுகிறது. குறும்படத்துக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ஷாட்டையும் நீட்டினால் தனிமை வராது, சலிப்புதான் வரும். எந்த ஷாட்டை நீட்டுவது என்று இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மற்றவை சாதாரண வேகத்தில் போகட்டும். சுற்றிலும் வேகம் இருந்தால்தான் நீட்டிய ஷாட் நீட்டியதாகத் தெரியும்.

அதே அகெர்மன் 1968ல் எடுத்த தன் முதல் படமான ‘சூத் மா வில்’ 13 நிமிடம்தான், உங்கள் அளவுக்கு அதுதான் சரியான பாடம். ஒரு இளம்பெண், ஒரு சமையலறை, அந்தப் பெண்ணாக அகெர்மனே நடித்திருக்கிறார். வசனம் கிடையாது, அவர் முணுமுணுக்கிற பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அது உதட்டோடு பொருந்தாது. உடம்பு ஒரு இடத்தில், குரல் வேறு இடத்தில். முதலில் விளையாட்டாகத் தெரிகிற அந்தப் பொருந்தாமைதான் போகப்போக வயிற்றைப் பிசைகிறது. முடிவு மிகவும் கனமானது, அதற்குத் தயாராக இருந்து பாருங்கள். நான் சொல்ல வருவது, அந்தப் படத்தில் சோகமான முகம் எங்கேயுமே கிடையாது. துறுதுறுவென்று ஓடுகிறாள், தரையைக் கழுவுகிறாள். உங்கள் ஆளும் எந்நேரமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. தனியாகச் சிரிக்கட்டும், தனக்குத்தானே ஒரு காரியத்தை மெச்சிக்கொள்ளட்டும், அந்தச் சிரிப்பு யாரிடமும் போய்ச் சேராமல் நிற்கிற இடத்தில் வெட்டுங்கள்.

எடிட்டிங்கில் ஒலியைப் படத்துக்கு முன்னும் பின்னும் இழுப்பது பற்றி யோசியுங்கள். வேலை பார்க்கிற இடத்தின் இரைச்சல் படத்துக்கு முன்பே அவர் படுக்கையறையில் கேட்க ஆரம்பித்தால், அவருக்கு வீடு என்ற தனி இடமே இல்லை என்று ஆகிவிடும். வீட்டுக்குத் திரும்பும்போது அப்படி எதையும் இழுக்காமல் வெடுக்கென்று வெட்டுங்கள். ஒரு பக்கம் ஒழுகலும் மறுபக்கம் வெட்டும் என்று வைத்தால் பார்வையாளர் காரணம் தெரியாமலேயே வீடு திரும்புவதை ஒரு விழுகையாக உணர்வார். ஒரு நாளை மூன்று தடவை காட்டுங்கள், மூன்றாவது தடவையில் ஒரே ஒரு சத்தத்தை எடுத்துவிடுங்கள். மூன்றாம்வரிசை சொன்ன அந்தக் குழந்தையின் வாசிப்பு இதற்கு மிகப் பொருத்தம். பிசகாமல் வாசித்து முடித்த நாளுக்கு மறுநாள் வாசிப்பே இல்லை என்றால்? விடுமுறையாக இருக்கலாம், குடி மாறிப் போயிருக்கலாம், அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

முதல்பிரதி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. குழந்தையின் வாசிப்பைத் திரைக்கதைக்குள் கொண்டுவருகிறேன், மறுநாள் அது இல்லாமல் போவதையும் சேர்த்து. இரண்டாவது நாற்காலியும் வருகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த ஃபோன் அழைப்பை எப்படிச் செய்வது? அக்காவிடமிருந்து வருகிறது, சாதாரண நலம் விசாரிப்புதான், ஒன்றரை நிமிடம். மற்றொன்று, பெரும்பாலானவர்கள் இதை ஃபோனிலேயேதான் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் சொன்ன ஃப்ரிட்ஜ் சத்தமும் சுவருக்கு அப்பாலிருந்து வரும் பேச்சும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மிஞ்சுமா?

ஒலிக்கூடு எழுதியது:

ஃபோன் அழைப்பு என்றதும் பழக்கத்தில் எல்லாரும் எதிர்முனைக் குரலை 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் நறுக்கி, டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆக்கிவிடுவார்கள். பழைய தொலைபேசி இணைப்புகளின் வரம்பு அது, அதனால் காதுக்குப் பழகிப்போனது. உங்கள் படத்தில் அதைச் செய்யாதீர்கள். அக்காவின் குரல் முழுதாக, அந்த அறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, எதிரொலி இல்லாமல் நெருக்கமாக வரட்டும். படம் முழுக்க அந்த நெருக்கத்தில் அவருடைய சொந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருப்போம். முதல் தடவையாக இன்னொரு மனிதர் அந்த வட்டத்துக்குள் வருகிறார், மேலே ‘லா ஜெத்தே’ பற்றிச் சொன்னார்களே, உங்களுக்கு அந்தக் கண் திறக்கிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சு போகப்போக அறையின் ரூம் டோனை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள், யாரும் கவனிக்காத அளவுக்கு. வைத்துவிட்டதும் அது மொத்தமும் ஒரே அடியாகத் திரும்பி வரட்டும்.

அக்காவின் பின்னால் என்ன கேட்கிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் ஃபோனை விலக்கிப் பதில் சொல்கிறார், ஏதோ விழுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். இவர் பக்கம் ஒன்றும் இல்லை. வசனத்தில் சோகம் எதுவும் வேண்டாம், நலம்தானா என்றால் நலம்தான் என்று சொல்லட்டும், அந்த இரண்டு பின்னணிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசமே பேசிவிடும்.

சின்ன ஸ்பீக்கர் விஷயம் நியாயமான கவலை. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஃபோன் ஸ்பீக்கரில் வரவே வராது, அந்த அளவு ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் கம்ப்ரஸரின் அடி ஒலியை நம்பாமல், அதன் மேல் மடங்குகளையும் (அடி ஒலியோடு சேர்ந்தே எழும் உயர்ந்த சுருதிகள்), அது ஓடும்போது உலோகம் அதிர்கிற சத்தத்தையும், மேலே வைத்த டம்ளர் லேசாக நடுங்குகிற சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அது ஃபோனிலும் கேட்கும், நின்றால் நின்றது தெரியும். கலவையை முடிக்கும்போது நல்ல ஸ்பீக்கரிலும் ஹெட்ஃபோனிலும் ஃபோனிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். மெல்லிய சத்தம் எல்லாவற்றையும் தூக்கிச் சமமாக்கிவிடாதீர்கள், அப்படிச் செய்தால் தொலைவு என்பதே போய்விடும், தொலைவு போனால் இந்தப் படத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. அதற்குப் பதிலாக ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள் என்று முதலில் ஒரு வரி போட்டுவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சட்டகம் எழுதியது:

ஃபோன் காட்சிக்கு ஒன்று சேர்க்கிறேன். அந்த ஒன்றரை நிமிடமும் ஒரே ஷாட்டாக இருக்கட்டும், முகத்தை நேராகக் காட்ட வேண்டாம். பக்கவாட்டிலிருந்து காதும் தாடையும் போதும். பேசும்போது சும்மா இருக்கிற கை எதையாவது செய்துகொண்டிருக்கும், நாற்காலியில் கிடக்கிற துணியை ஒவ்வொன்றாக மடித்து எடுத்துவைக்கட்டும். ஃபோன் வைக்கும்போது நாற்காலி காலியாகியிருக்கும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை உங்கள் நடிகரிடமே விட்டுவிடுங்கள், நான் சொல்ல மாட்டேன்.

முதல்பிரதி எழுதியது:

அருமை. சுவருக்கு அப்பாலிருந்து வரும் பேச்சை உண்மையாகவே அப்படிப் பதிவு செய்வதா, இல்லை சாதாரணமாகப் பதிவு செய்து பிறகு ஃபில்டர் போட்டு மங்கலாக்குவதா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஒலிக்கூடு எழுதியது:

உண்மையாகவே செய்யுங்கள், முடிந்தவரை. ஃபில்டர் போட்டால் மேல் அலைவரிசை மட்டும்தான் குறைந்துபோகும். நிஜச் சுவரில் கதவிடுக்கு, ஜன்னல், தரை என்று பல வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும், திடீரென்று ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்து விழும், அந்த ஒழுங்கின்மையைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தால் நாட்கணக்கில் போகும். ஆனால் நிஜமான அக்கம்பக்கத்தாரின் பேச்சைப் பதிவு செய்யாதீர்கள், அது அவர்களுடைய வீட்டுப் பேச்சு, அவர்களுக்குத் தெரியாமல் படத்தில் வரக் கூடாது. இரண்டு நண்பர்களைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, எழுதிக்கொடுக்காமல் அவர்களுக்கு உண்மையாகவே பேச இருக்கிற விஷயத்தைப் பேசச் சொல்லுங்கள். எழுதிய வசனத்தை வாசித்தால் சொற்கள் கேட்காவிட்டாலும் ராகத்திலேயே பொய் தெரிந்துவிடும். அரை மணி நேரமாவது ஓடட்டும், முதல் பத்து நிமிடம் மைக் இருக்கிறது என்ற நினைப்பிலேயே பேசுவார்கள்.

மைக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அவர் படுத்திருக்கும்போது தலை இருக்கிற இடத்தில் வையுங்கள். ரெக்கார்டரின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு நிற்கிற இடத்திலெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிக் கொடுத்துவிடும்.